சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் திரட்டல்

சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் திரட்டல் என்பது, 1906 முதல் 1911 வரை தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சுதேசிக் கப்பல் நிறுவனம் தனக்குத் தேவையான பங்குதாரர்கள், சரக்கு அனுப்பும் வணிகர்கள், பயணிகள் ஆகியோரைத் தேடிச் சேர்த்த முறையைக் குறிக்கும். இந்நிறுவனத்தை நிறுவியவர் வழக்கறிஞர் வ. உ. சிதம்பரம்பிள்ளை ஆவார். இது சுதேசி நாவாய்ச் சங்கம் என்றும் அழைக்கப்படுகிறது.

இந்நிறுவனத்தின் வரலாறு பெரும்பாலும் விடுதலைப் போராட்ட வரலாற்றின் ஒரு பகுதியாகவே எழுதப்படுகிறது. எனினும் வணிக நோக்கிலும் இது ஆராயத்தக்கது. கப்பலோ முன் அனுபவமோ இல்லாத ஒரு புதிய நிறுவனம், ஏற்கனவே நிலைபெற்றிருந்த பெரிய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களைத் தன் பக்கம் இழுக்க முடிந்தது. இதற்கு அந்நிறுவனம் பயன்படுத்திய முதன்மையான கருவி, ஒருவரின் அறிமுகத்தால் மற்றொருவரை அணுகும் ஆள் தொடர்பு ஆகும். நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் அதன் விரைவான வீழ்ச்சிக்கும் இத்தொடர்பு முறையே பெருமளவு காரணமாயிற்று.

பின்னணி

தூத்துக்குடி மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்துள்ள துறைமுக நகரம். 1876 இல் தொடருந்துப் பாதை இந்நகரை அடைந்தது. 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி நடைமுறைக்கு வரும்வரை, சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடி வரை தொடருந்தில் வந்து அங்கிருந்து கப்பல் ஏறினர். இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரும், கொழும்பில் கடை வைத்திருந்த வணிகரும், அவர்களுக்கு அரிசி முதலிய பொருட்களை அனுப்புவோரும் இவ்வழியைப் பயன்படுத்தினர்.

கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. எனவே நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தொலைவில் நங்கூரமிட்டன. சரக்குகள் தோணிகளில் ஏற்றப்பட்டுக் கப்பலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இதனால் ஒரு மூட்டை கப்பலைச் சேர்வதற்குள் வணிகர், தரகர், வண்டிக்காரர், தோணிக்காரர், கப்பல் முகவர் எனப் பலருடைய கைகளைக் கடக்க வேண்டியிருந்தது. இவர்களுள் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பதே இக்கரையில் தொழில் நடத்துவதற்கு அடிப்படையாக இருந்தது.

இக்கரையின் பழந்தொழிலான முத்துக்குளிப்பும் இத்தகையதே. அரசு நடத்திய முத்துக்குளிப்புகளில் குளிப்போருக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பிகள் கிடைத்தன. எஞ்சியவை திறக்கப்படாமலேயே ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என ஏலம் விடப்பட்டன. சிப்பிக்குள் முத்து உள்ளதா என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. முன்கூட்டியே எடுத்துச் சோதிக்கப்பட்ட மாதிரிச் சிப்பிகளின் மதிப்பும், அறிந்தவர்களின் சொல்லுமே விலையை முடிவு செய்தன. கண்ணால் காணாத பொருளுக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் இக்கரைக்குப் புதிதன்று. ஆனால் அதற்கு நம்பகமான ஒருவரின் வாக்கு வேண்டியிருந்தது.

நிலைபெற்றிருந்த நிறுவனம்

தூத்துக்குடி–கொழும்பு வழியில் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனம் ஏகபோகமாகக் கப்பல் ஓட்டி வந்தது. 1856 இல் வேறு பெயரில் தொடங்கப்பட்டு, 1862 இல் இப்பெயரைப் பெற்ற அந்நிறுவனம் இந்தியக் கடல்களில் மிகப் பெரிய கப்பல் தொகுதியைக் கொண்டிருந்தது. தூத்துக்குடியில் அதன் முகவராக ஏ. அண்டு எப். ஹார்வி நிறுவனம் செயற்பட்டது. கோரல் நூற்பாலையை நடத்தியதும் இதே ஹார்வி நிறுவனமே.

அக்காலக் கப்பல் தொழிலில், வாடிக்கையாளரைப் பிடித்து வைக்கப் பிற்கழிவு முறை என்னும் ஏற்பாடு பரவலாக இருந்தது. இது 1877 இல் கல்கத்தா வணிகத்தில் தோன்றியது. இம்முறையில் ஒரு வணிகர் செலுத்திய சரக்குக் கட்டணத்தில் ஒரு பகுதி சில மாதங்களுக்குப் பிறகு திருப்பித் தரப்படும். இடைப்பட்ட காலத்தில் அவர் வேறு நிறுவனத்தின் கப்பலில் ஒருமுறை சரக்கு ஏற்றினாலும் அத்தொகையை இழப்பார். இத்தகைய சூழலில் புதிய நிறுவனம் ஒன்று கட்டணத்தைக் குறைப்பதால் மட்டும் வணிகர்களை ஈர்ப்பது கடினம். பழைய நிறுவனத்தைப் பகைத்துக்கொள்வதால் வரும் இழப்பைத் தாங்கவும் வணிகருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. சுதேசி இயக்கம் அக்காரணத்தை வழங்கியது.

நிறுவனத்தின் தொடக்கம்

சிதம்பரம்பிள்ளை 1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். 1900 இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்து வழக்கறிஞராகத் தொழில் செய்தார். 1905 இல் வங்காளப் பிரிவினையைத் தொடர்ந்து சுதேசி இயக்கம் பரவியபோது, உள்நாட்டுப் பொருள் விற்பனைக்கும் நெசவுக்குமான அமைப்புகளை இந்நகரில் உருவாக்கினார். இவற்றின் வழியாக நகர வணிகர்களோடு ஏற்பட்ட பழக்கம், கப்பல் நிறுவனத்துக்கு ஆள் சேர்க்கும்போது உதவியது.

தொடக்கத்தில் பம்பாயைச் சேர்ந்த ஷா லைன் நிறுவனத்திடமிருந்து கப்பல்கள் வாடகைக்குப் பெறப்பட்டன. போட்டி நிறுவனத்தின் அழுத்தத்தால் அவ்வாடகை முறிந்தது. உடனே கொழும்பிலிருந்து வேறொரு கப்பல் வாடகைக்குப் பெறப்பட்டது. வாடிக்கையாளர் இருந்தும் கப்பல் பிறர் கையில் இருந்தால் தொழில் நிலைக்காது என்பது இதனால் தெளிவாயிற்று. சொந்தக் கப்பல் வாங்கும் முடிவுக்கு இதுவே வழிவகுத்தது.

1906 அக்டோபர் 16 அன்று நிறுவனம் முறையாகப் பதிவு செய்யப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901 இல் நிறுவியவரும் பாலவநத்தம் சமீன்தாருமான பாண்டித்துரைத் தேவர் இதன் தலைவரானார். சிதம்பரம்பிள்ளை உதவிச் செயலாளர் பொறுப்பை ஏற்றார்.

பங்கு விற்பனை

நிறுவனத்தின் மூலதனம் 10 இலட்சம் ரூபாய் எனத் தீர்மானிக்கப்பட்டது. இது ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. ஆசியர்கள் மட்டுமே பங்கு வாங்கலாம் என்பது விதி.

பங்கின் விலை குறைவாக வைக்கப்பட்டதற்கு வணிகக் காரணமும் உண்டு. சில செல்வர்களிடம் மட்டும் மூலதனம் பெற்றால் நிறுவனத்துக்குப் பணம் கிடைக்கும், வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார். சிறு வணிகர் ஒருவர் ஒரே ஒரு பங்கை வாங்கினாலும், தன் சரக்கைத் தனக்கு உரிமையுள்ள கப்பலிலேயே அனுப்ப விரும்புவார். தன்னை அறிந்தவர்களிடமும் அவ்வாறே கூறுவார். இவ்வாறு பங்குதாரர், வாடிக்கையாளர், பரிந்துரைப்பவர் ஆகிய மூன்று நிலைகளும் ஒரே ஆளிடம் சேர்ந்தன.

பங்குகளை விற்பதற்கு ஏற்கனவே இருந்த தொடர்புகள் பலவாறு பயன்பட்டன.

தமிழ்ப் புலமைத் தொடர்பு: சிதம்பரம்பிள்ளை தமிழ் இலக்கியத்தில் ஈடுபாடு கொண்டவர். தமிழ்ச் சங்கத்தின் தலைவரான பாண்டித்துரைத் தேவர் நிறுவனத்தின் தலைமையை ஏற்றது, அதனை அறியாதவர்களிடத்தும் நம்பிக்கையை உண்டாக்கியது.

தொழில்முறைத் தொடர்பு: சேலம் சி. விசயராகவாச்சாரியார் போன்ற புகழ்பெற்ற வழக்கறிஞர்கள் சட்ட ஆலோசகர்களாக இணைந்தனர். கூட்டுப் பங்கு நிறுவனம் என்பதே பலருக்குப் புதிதாக இருந்த காலத்தில், அறியப்பட்ட வழக்கறிஞரின் பெயர் பங்கு வாங்குவோருக்கு ஒருவகைப் பிணையாக அமைந்தது.

குடும்பத் தொடர்பு: சிதம்பரம்பிள்ளையின் தந்தையும் சுப்பிரமணிய பாரதியின் தந்தையும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒட்டப்பிடாரமும் எட்டயபுரமும் அண்மையிலுள்ள ஊர்கள். 1906 இல் சென்னையில் பாரதியைச் சந்தித்தபின் இப்பழைய உறவு நெருங்கிய நட்பாயிற்று. பாரதி ஆசிரியராக இருந்த இந்தியா இதழ் கப்பல் நிறுவனத்தை ஆதரித்து எழுதியது. இதன்மூலம் நேரில் சந்திக்க இயலாத வாசகர்களையும் நிறுவனத்தின் வேண்டுகோள் அடைந்தது.

வணிகத் தொடர்பு: சமயம், சாதி கடந்து வணிகர்கள் அணுகப்பட்டனர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் 2 இலட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கினார். இது திட்டமிடப்பட்ட மொத்தப் பங்குகளில் ஐந்தில் ஒன்றாகும்.

உள்ளூரில் திரட்டிய பணம் கப்பல் வாங்கப் போதவில்லை. ஆகவே சிதம்பரம்பிள்ளை பம்பாய் முதலிய இடங்களுக்குச் சென்று பங்கு விற்றார். கப்பலோடு திரும்புவதாகவும் இல்லையெனில் கடலில் மாய்வதாகவும் அவர் சூளுரைத்துச் சென்றார் எனக் கூறப்படுகிறது. அப்போது அவருடைய மகன் நோயுற்றும் மனைவி கருவுற்றும் இருந்தனர். புதிய ஊரில் பங்கு விற்க அவருக்குத் துணை நின்றவை சுதேசி இயக்கத் தலைவர்களின் அறிமுகங்களே. பாலகங்காதர திலகரின் ஆதரவும் அவற்றுள் அடங்கும்.

பயணிகளும் சரக்கும்

1907 இல் எஸ். எஸ். காலியா, எஸ். எஸ். லாவோ ஆகிய இரு கப்பல்கள் நிறுவனத்துக்குச் சொந்தமாயின. காலியா கப்பலில் 1,300 இற்கும் மேற்பட்ட பயணிகளும் 4,000 சரக்கு மூட்டைகளும் செல்ல இடமிருந்தது.

கப்பல் தொழிலில் பங்கு விற்பதற்கும் இடம் விற்பதற்கும் முக்கிய வேறுபாடு உண்டு. பங்கு ஒருமுறை விற்றால் போதும். ஆனால் கப்பலின் இடத்தை ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக விற்க வேண்டும். நிரம்பாமல் புறப்பட்ட கப்பலின் வெற்றிடத்தைப் பிறகு விற்க இயலாது. நிலக்கரி, மாலுமிகளின் ஊதியம், துறைமுகக் கட்டணம் ஆகிய செலவுகளோ கப்பல் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் ஏறத்தாழ ஒன்றே. எனவே வாடிக்கையாளர் திரட்டல் அன்றாடப் பணியாயிற்று.

இப்பணியில் இருவகை வாடிக்கையாளர்கள் இருந்தனர். சரக்கு அனுப்பும் வணிகர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் மீண்டும் மீண்டும் வருபவர்கள். அவர்களை நேரில் கண்டு பேசிச் சேர்க்கலாம். பயணிகளோ எண்ணிக்கையில் மிகுதி. அவர்களுள் பெரும்பாலோர் பிற ஊர்களிலிருந்து வந்து ஒருமுறை கப்பல் ஏறுபவர்கள். அவர்களை ஒவ்வொருவராகச் சந்திக்க இயலாது. இவர்களிடம் செய்தியைக் கொண்டு சேர்த்தவை பொதுக்கூட்டங்களும், இதழ்களும், சுதேசி உணர்வு கொண்ட நகர மக்களின் பேச்சும் ஆகும்.

கட்டணப் போர்

வாடிக்கையாளர்கள் பிரியத் தொடங்கியதும் பிரித்தானிய இந்திய நிறுவனம் கொழும்புக்கான பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாக, அதாவது 16 அணாவாகக் குறைத்தது. சுதேசி நிறுவனம் 8 அணாவாகக் குறைத்தது. அதன்பின் பிரித்தானிய இந்திய நிறுவனம் கட்டணமின்றிப் பயணிகளை ஏற்றியதுடன் குடை ஒன்றையும் இலவசமாக வழங்கியது எனக் கூறப்படுகிறது. சிதம்பரம்பிள்ளையைப் பணத்தால் தன் பக்கம் இழுக்கவும் அது முயன்றது, அவர் மறுத்துவிட்டார்.

8 அணாக் கட்டணத்தில் 1,300 பயணிகள் ஏறினாலும் கிடைப்பது 650 ரூபாயே. அதாவது முழுவதும் நிரம்பிய கப்பலின் பயணிகள் வருவாய், 26 பங்குகளின் முகமதிப்புக்குச் சமம். பல வழிகளில் கப்பல் ஓட்டிய பெரிய நிறுவனம் இவ்வழியில் ஏற்படும் இழப்பைப் பிற வழிகளின் இலாபத்தால் ஈடுசெய்ய முடிந்தது. ஒரே வழியில் இரு கப்பல்களை மட்டும் ஓட்டிய நிறுவனத்துக்கு அவ்வாய்ப்பு இல்லை. இருப்பினும் இலவசப் பயணத்தை விடுத்துக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியோர் இருந்தனர். தொடர்பாலும் நம்பிக்கையாலும் சேர்ந்த வாடிக்கையாளர் விலை வேறுபாட்டைச் சிறிது காலம் பொறுத்துக்கொள்வார் என்பதற்கு இது சான்றாகும். அப்பொறுமை எவ்வளவு காலம் நீடித்திருக்கும் என்று அறிவதற்குள் அரசியல் நிகழ்வுகள் குறுக்கிட்டன.

தொடர்புகளின் உச்சமும் முறிவும்

1908 பிப்ரவரி 27 அன்று கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அதற்குத் தலைமை தாங்கினர். நகர மக்கள் தொழிலாளர்களுக்கு உதவினர். ஆலை நிர்வாகத்தை ஆதரித்தோருக்கு முடிதிருத்துவோரும் துணி வெளுப்போரும் பணி செய்ய மறுத்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. ஆலை நிர்வாகம் இறங்கிவந்து கோரிக்கைகளை ஏற்றது. கப்பல் தொழிலில் போட்டியாளரின் முகவராக இருந்த அதே நிறுவனம், ஆலையிலும் பணிய நேர்ந்தது.

இவ்வெற்றி அரசின் கவனத்தை ஈர்த்தது. 1908 மார்ச் 12 அன்று சிதம்பரம்பிள்ளை கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த கிளர்ச்சியின்போது காவல்துறை சுட்டதில் நால்வர் உயிரிழந்தனர். 1908 சூலை 7 அன்று நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில் இருந்த அவர் 1912 டிசம்பரில் விடுதலையானார்.

அவர் சிறை சென்றதும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் வலை சிதறியது. சுதேசிக் கப்பலோடு தொடர்பு வைத்திருப்பது அரசின் ஐயத்துக்கு இடமளிக்கும் என வணிகர்கள் அஞ்சினர். முன்பு நிறுவனத்துக்கு ஆள் சேர்த்துத் தந்த தேசிய அடையாளமே இப்போது அவர்களை விலக்கும் காரணமாயிற்று. நிறுவனம் 1911 இல் கலைக்கப்பட்டது. அதன் காலியா கப்பல் போட்டி நிறுவனத்துக்கே விற்கப்பட்டது.

சிதம்பரம்பிள்ளையின் பிற்கால வாழ்வு வறுமையில் கழிந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காக நிதி திரட்டினர். அத்தொகை குறித்து அவருக்கும் காந்திக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நடைபெற்றது. அவர் 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானார்.

பிற நிறுவனங்களுடன் ஒப்பீடு

வங்காளத்தில் இரவீந்திரநாத் தாகூரின் தமையனார் சோதிரிந்திரநாத் தாகூர் 1880களில் குல்னா–பரிசால் ஆற்று வழியில் நீராவிப் படகுகளை ஓட்டினார். அங்கும் ஐரோப்பிய நிறுவனத்துடன் கட்டணப் போர் மூண்டது. பரிசால் இளைஞர்கள் பயணிகளைத் திரட்டித் தந்தனர். படகுகளில் பயணிகள் நிறைந்தனர், வருவாய் நிறையவில்லை. பெருத்த இழப்புடன் அம்முயற்சி முடிவுற்றது.

1919 இல் தொடங்கப்பட்ட சிந்தியா நீராவிக் கப்பல் நிறுவனமும் பிரித்தானிய நிறுவனங்களின் கட்டணப் போரைச் சந்தித்தது. ஆனால் அதன் பின்னால் வால்சந்த் ஈராசந்த், நரோத்தம் மொரார்ஜி முதலிய பெருவணிகர்களின் மூலதனம் இருந்தது. பொறுப்பும் பலரிடையே பகிரப்பட்டிருந்தது. 1923 இல் போட்டி நிறுவனங்களுடன் உடன்பாடு செய்துகொண்டு அது தொடர்ந்து இயங்கியது. அதன் முதற் கப்பலான எஸ். எஸ். லாயல்டி 1919 ஏப்ரல் 5 அன்று பம்பாயிலிருந்து புறப்பட்டதை நினைவுகூர்ந்து, அந்நாள் இந்தியாவில் தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

வணிகவியல் நோக்கு

இந்நிகழ்வுகளிலிருந்து புதிய வாடிக்கையாளரைத் தேடுவது பற்றிச் சில பொதுக் கருத்துகளைப் பெறலாம்.

முதலாவதாக, அறிமுகம் வழியாக வரும் வாடிக்கையாளர் விளம்பரம் வழியாக வருபவரைவிட உறுதியானவர். அவர் விலையை மட்டும் நம்பி வருவதில்லை.

இரண்டாவதாக, ஒரே வட்டத்துக்குள் தேடுவதைவிட வெவ்வேறு வட்டங்களை இணைக்கும் ஆட்களை அடைவது பயன் தரும். வழக்கறிஞர், புலவர், இதழாசிரியர், வணிகர் ஆகியோரைச் சிதம்பரம்பிள்ளை ஒருங்கே அணுகினார். ஒவ்வொருவரும் மற்றவர் எட்ட முடியாத மக்களை எட்டினர்.

மூன்றாவதாக, எல்லாத் தொடர்புகளும் ஓர் ஆளில் வந்து முடியும் வலை வலிமையற்றது. அந்த ஆள் விலகினால் வலை முழுவதும் அறுபடும். வாடிக்கையாளரை நிறுவனத்தின் பல பணியாளர்களுக்கும் அறிமுகப்படுத்தி வைப்பதே இதற்கு மாற்று. நான்கு திசைகளில் ஆள் சேர்த்த சிதம்பரம்பிள்ளைக்கு, சேர்ந்தோரைப் பிறர் பொறுப்பில் ஒப்படைக்க ஓராண்டுக்குச் சற்று மிகுந்த காலமே கிடைத்தது.

பிற்காலத் தூத்துக்குடி

தூத்துக்குடித் துறைமுகம் 1974 இல் இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2011 இல் அதற்கு வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. கப்பல்கள் இப்போது கரையை ஒட்டியே நிற்கின்றன. ஆயினும் சரக்கு அனுப்புவோருக்கும் கப்பலுக்கும் இடையே கப்பல் முகவர், சுங்கத் தரகர், சரக்கு அனுப்பு முகவர் ஆகியோர் தொடர்ந்து செயற்படுகின்றனர். திருப்பூர்ப் பின்னலாடை முதலிய சரக்குகள் இத்துறைமுகம் வழியே செல்கின்றன.

2011 சூனில் தூத்துக்குடி–கொழும்பு பயணிகள் கப்பல் சேவை எஸ்கோசியா பிரின்ஸ் என்னும் கப்பலுடன் மீண்டும் தொடங்கப்பட்டது. அரசுகளின் ஆதரவு இருந்தும், அதே ஆண்டு நவம்பரில் அச்சேவை நின்றுபோனது.

சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் முயற்சியை நினைவுகூரும் வகையில் சிதம்பரம்பிள்ளை 'கப்பலோட்டிய தமிழன்' என அழைக்கப்படுகிறார். அப்பெயரிலேயே பி. ஆர். பந்துலு இயக்கிய திரைப்படம் 1961 இல் வெளிவந்தது.